டெலிபோன் கம்பியில் வரும் கணக்கு

தலைமைக் காரியாலயம் ஓர் ஊரிலும், கிளைகளும் கிடங்குகளும் வேறு ஊர்களிலுமாக அமைந்த சங்கங்கள் நம்மிடையே பல உண்டு. நெசவாளர் சங்கமாயின், நூல் வந்து இறங்குவது ஓரிடம்; பாவும் ஊடையும் வழங்குவது வேறிடம்; சேலையை அளந்து வாங்கிக் கூலி கொடுப்பது பிறிதோரிடம். விவசாயிகளின் சங்கமாயின், உர மூட்டை ஒரு கிடங்கில் இருக்கும். கடன் கணக்கு மற்றொரு கட்டடத்தில் இருக்கும். அங்கத்தினருக்கோ இவையெல்லாம் ஒரே சங்கந்தான். பஸ் ஏறிக் கிளைக்கு வந்து, “என் கணக்கில் எவ்வளவு நிற்கிறது?” என்று கேட்பவரிடம், “அது தலைமை ஆபீசில் இருக்கிறது, நாளை வாருங்கள்” என்று சொல்லி அனுப்பினால், அன்று அவர் வீட்டில் தறி ஓடாது. அந்த ஒரு நாள் கூலியைச் சங்கத்தின் எந்த ஏட்டிலும் நஷ்டமென்று எழுதுவதில்லை. எழுதினால் சில சங்கங்களின் லாபக் கணக்கு வேறுவிதமாகத் தோன்றும்.

கிளைக்கும் தலைமைக் காரியாலயத்துக்கும் இடையேயுள்ள இந்தத் தூரத்தைச் சாதாரண டெலிபோன் கம்பியைக் கொண்டே குறைத்த முறை ஒன்று உண்டு. இன்று கண்ணாடியிழைக் கம்பியும் கைப்பேசி அலையும் வந்துவிட்டமையால், அது பழங்கதை என்று பலர் எண்ணுகின்றனர். கருவி பழையதுதான். ஆனால் குறுகலான கம்பியில் கணக்கை அனுப்ப வேண்டியிருந்தவர்கள் சில விஷயங்களைக் கட்டாயத்தின் பேரில் கற்றுக்கொண்டார்கள். அகலமான கம்பி கிடைத்த நாம் அவற்றைக் கற்காமலே விட்டுவிட்டோம் என்பது என் அபிப்பிராயம். ஆகையால் அம்முறையைச் சற்று விவரமாகவே கூறுகிறேன்.

டெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. விநாடிக்கு ஏறக்குறைய 300 அதிர்வு முதல் 3,400 அதிர்வு வரையுள்ள ஒலியே அதன் வழியாகச் செவ்வையாகச் செல்லும். கம்ப்யூட்டரின் பாஷையோ ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டே குறிகளால் ஆனது. அக்குறிகளை அப்படியே அக்கம்பியில் விட இயலாது. எனவே அவற்றை ஒலியாக மாற்றி அனுப்பவும், மறுமுனையில் ஒலியைத் திரும்பக் குறிகளாக மாற்றவும் ஒரு கருவி வேண்டியதாயிற்று. அதுவே மோடம். 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘பெல் 103’ என்னும் மோடத்தில், அழைக்கும் பக்கம் 1,070, 1,270 என்ற இரு ஒலிகளையும், பதில் சொல்லும் பக்கம் 2,025, 2,225 என்ற இரு ஒலிகளையும் பயன்படுத்தின. ஒருவர் ஒலி மற்றவர் ஒலியோடு கலவாததால், இருபுறமும் ஒரே சமயத்தில் பேச முடிந்தது. வேகம் விநாடிக்கு 300 குறிகள். ஓர் எழுத்துக்கு முன்னும் பின்னும் அடையாளக் குறி சேர்த்துப் பத்துக் குறிகள் ஆகுமாதலால், விநாடிக்கு முப்பது ஆங்கில எழுத்துகள் எனக் கொள்ளலாம்.

இவ்வேகம் 1984-இல் 9,600 குறிகளுக்கும், 1996-இல் 33,600 குறிகளுக்கும், 1998-இல் ஒரு திசையில் மட்டும் 56,000 குறிகளுக்கும் உயர வழி வகுக்கப்பட்டது. அதற்குமேல் இக்குரல் வழியில் உயரவில்லை, உயரவும் முடியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் எண்முறைக்கு மாறியபோது, ஒரு குரலுக்கென ஒதுக்கியதே விநாடிக்கு 64,000 குறிகள்தான். மடையின் வாய் எவ்வளவோ, வாய்க்காலில் வரும் தண்ணீரும் அவ்வளவே.

இச்சிறிய மடையால் சங்கத்துக்கு என்ன பயன் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிளையில் ஒரு நாளைக்கு 200 பதிவுகள் நடைபெறுவதாகக் கொள்வோம். அங்கத்தினர் எண், தேதி, சரக்கின் எண், அளவு, தொகை என ஒரு பதிவுக்கு நூறு எழுத்துகள் போதும். மொத்தம் 20,000 எழுத்துகள். 1962-ஆம் ஆண்டின் மோடத்தில் இது போய்ச் சேரப் பதினொரு நிமிஷம் ஆகும். 9,600 குறி மோடத்தில் இருபத்தொரு விநாடி! ஒரு நாளின் கொடுக்கல் வாங்கல் முழுவதும் ஒரு வெற்றிலை மடிக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது. அதே கிளை ஒரு பாஸ் புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து, ஐந்து லட்சம் பைட் உள்ள அப்படத்தை அனுப்பினால், அந்த ஒரு படத்துக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் பிடிக்கும். இரண்டிலும் நமக்குத் தேவையான செய்தி ஒன்றே.

இதனுடன் தமிழருக்கே உரிய ஒரு சிறு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்று பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 என்ற எழுத்து முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். ‘கூட்டுறவு’ என்னும் ஒரு சொல், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணினால் ஒன்பது குறிகள். ஆகவே 27 பைட். அங்கத்தினர் எண்ணாகிய 1047 நான்கே பைட். தமிழை விட்டுவிட வேண்டும் என்பதன்று என் கருத்து. பெயரும் ஊரும் இரு காரியாலயங்களிலும் தமிழில் ஒருமுறை பதிந்திருக்கட்டும்; கம்பியில் எண் மட்டும் போகட்டும். சீட்டை அச்சிடும்போது அந்தந்த இடத்துக் கம்ப்யூட்டர் பெயரைத் தமிழில் சேர்த்துக்கொள்ளும்.

நம் தேசத்தில் தூரத்து நிலையங்கள் டெலிபோன் மூலம் பிணைக்கப்பட்டதற்கு மிக நல்ல உதாரணம் ‘எர்நெட்’ என்னும் திட்டமாகும். 1986-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இதைத் தொடங்கியது. பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், டெல்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து இடத்து ஐ.ஐ.டி.கள், மின்னணுத் துறை ஆகிய எட்டு நிலையங்கள் அதில் சேர்ந்தன. முதலில் பம்பாய் நகருக்குள்ளேயே, மென்பொருள் மையத்துக்கும் ஐ.ஐ.டி.க்கும் இடையே டெலிபோன் அழைப்பின் மூலம் மின்கடிதம் பரிமாறப்பட்டது. பிறகு மற்ற நிலையங்களும் சேர்ந்தன. 1990-களின் தொடக்கத்தில்தான் விநாடிக்கு 9,600 குறி செல்லும் தனிக் கம்பிகள் நகரங்களுக்கிடையே வந்தன.

அவர்கள் தொடக்கத்தில் கையாண்ட ஏற்பாட்டுக்கு ‘யூயூசிபி’ என்று பெயர். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1970-களில் பிறந்தது. அதன் நடைமுறை நம் பழைய தபால் ஓட்டக்காரரின் வேலையை ஒத்தது. ஒரு நிலையத்துக் கம்ப்யூட்டர், குறித்த நேரத்தில் அடுத்த நிலையத்தை அழைக்கும். தன்னிடமுள்ள கடிதக் கட்டைக் கொடுக்கும். அங்கே தனக்கெனக் காத்திருக்கும் கட்டை வாங்கிக்கொள்ளும். உடனே தொடர்பைத் துண்டித்துவிடும். மூன்றாம் நிலையத்துக்குரிய கடிதம் இடையிலுள்ள நிலையத்தில் தங்கி, அடுத்த அழைப்பில் பயணத்தைத் தொடரும். எப்பொழுதும் கம்பி இணைந்தே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. அழைப்பு கிடைக்காவிட்டால் கட்டு காத்திருக்கும், தொலைந்துபோகாது. டிரங்க் கால் கிடைப்பதே அரிதாக இருந்த தேசத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்? எஸ்.டி.டி. கட்டணம் இரவில் குறைவாகவும், நள்ளிரவை நெருங்கப் பகல் கட்டணத்தில் கால் பங்காகவும் இருந்த காலம் ஒன்று உண்டு. பூத்துகளில் மக்கள் வரிசையில் நின்றதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டருக்குத் தூக்கம் இல்லையாதலால், மலிவான நேரத்தில் அழைக்கும்படி அதற்கு உத்தரவிட்டுவிட்டு நாம் தூங்கலாம்.

கட்டாக அனுப்பும் இம்முறைக்கு அடுத்தபடியாக வந்ததே மோடம் சேர்ந்த ரூட்டர். ஒரு காரியாலயத்திலுள்ள நான்கைந்து கம்ப்யூட்டர்கள் தமக்குள் கம்பியால் பிணைந்திருக்கும். ரூட்டர் என்பது அந்த வீட்டின் வாயிற்காவலர் போன்றது. உள்ளேயே போகவேண்டிய செய்தி எது, தூரத்துக் காரியாலயத்துக்குப் போகவேண்டியது எது என்பதற்கு அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும். வெளியே போகவேண்டிய செய்தி வந்தவுடன், அது மோடத்தை அழைத்து எண்ணைச் சுழற்றச் செய்யும். இரு மோடங்களும் ஒன்றையொன்று கூவி அழைத்து, கம்பியின் தரத்தைச் சோதித்து, வேகத்தை ஒப்புக்கொள்ள ஏறக்குறைய அரை நிமிஷம் ஆகும். பிறகு கிளையிலிருப்பவர், தலைமைக் காரியாலயத்தின் பேரேட்டைத் தம் மேஜையில் இருப்பதுபோலவே பார்க்கலாம். குறித்த நேரம், இரண்டு நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம், செய்தி எதுவும் போகாமலிருந்தால் ரூட்டரே டெலிபோனை வைத்துவிடும். தேவைப்பட்டபோது மட்டும் அழைப்பு, அதற்கு மட்டும் கட்டணம்.

கேட்க இனிமையாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. மனிதர் பேசாதபோதும் கம்ப்யூட்டர்கள் தமக்குள் ஓயாது பேசிக்கொண்டிருக்கும். ஒன்று நேரம் என்ன என்று கேட்கும். மற்றொன்று அச்சு இயந்திரம் எங்கே என்று தேடும். ரூட்டர்களே தம் பட்டியலைப் பரிமாறிக்கொள்ள முற்படும். ரூட்டருக்கு எது அவசியமான செய்தி, எது வீண் பேச்சு என்று சொல்லிவைக்காவிட்டால், ஒவ்வொன்றுக்கும் அது ஒரு டெலிபோன் அழைப்பைச் செய்துவிடும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைச் சரிபார்க்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டரை இரவிலும் அணைக்காமல் விட்டால், ஒரு நாளைக்கு 144 அழைப்புகள் ஆகும். ஆபீசில் ஒருவரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கும் இக்கணக்குப் பொருந்தும். அமைப்பை நிறுவியவர்கள் இதற்கென ஒரு வடிகட்டியை ரூட்டரில் எழுதிவைத்தனர்: இன்ன செய்தி வந்தால் மட்டும் அழை, மற்றவை வந்தால், கம்பி ஏற்கெனவே இணைந்திருந்தால் அனுப்பு, இல்லையேல் விட்டுவிடு. சங்கத்தின் காரியதரிசி படித்துப் புரிந்துகொள்ளவேண்டிய வரிகள் இவை. கருவியை விற்றவரிடம் முழுவதும் விட்டுவிடத் தக்கவை அல்ல. பில் வருவது சங்கத்துக்கல்லவா?

கம்பியில் இரைச்சல் புகுந்து எண் மாறிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் பலருக்கு உண்டு. மழைக்காலத்தில் நனைந்த இணைப்புகள் கரகரவென்று சத்தமிடுவதைக் கேட்டவர்களுக்கு அது நியாயமான அச்சமே. ஆனால் இதற்குப் பரிகாரம் நம் நாளேட்டிலேயே இருக்கிறது. பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை போட்டு அடுத்த பக்கத்துக்குக் கொண்டு செல்கிறோம் அல்லவா? அதைப்போலவே ஒவ்வொரு செய்திப் பொட்டலத்தின் இறுதியிலும் ஒரு சரிபார்ப்பு எண் வைக்கப்படும். பெறுபவர் தாமே கணக்கிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் அதைத் தள்ளிவிடுவார். அனுப்பியவர் திரும்ப அனுப்புவார். 5,000 ரூபாய் 8,000 ஆகிப் பேரேட்டில் ஏறுவதற்குக் கையெழுத்துப் பிழையைக் காட்டிலும் இதில் இடம் மிகக் குறைவு.

இதைவிடக் கவலைக்குரியது, அழைப்பவர் யார் என்பது. டெலிபோன் எண் தெரிந்த எவரும் தலைமைக் காரியாலயத்து மோடத்தை அழைக்கலாம். பழைய ஏற்பாடு ஒன்றில் ரகசியச் சொல் கம்பியில் அப்படியே போயிற்று. இடையில் ஒட்டுக்கேட்பவர் அதை எடுத்துக்கொள்ளலாம். பின்னர் பரவிய ‘சாப்’ என்ற முறை சாமர்த்தியமானது. தலைமைக் காரியாலயம் ஒவ்வொரு முறையும் புதிய எண் ஒன்றைக் கேள்வியாக அனுப்பும். கிளை அந்த எண்ணையும் தன்னிடமுள்ள ரகசியச் சொல்லையும் கலந்து கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பும். சொல் கம்பியில் ஏறுவதே இல்லை. நேற்றைய விடை இன்றைய கேள்விக்கு உதவாது. இதற்கும் மேலாக, அழைப்பு வந்தவுடன் அதைத் துண்டித்துவிட்டு, பதிவேட்டிலுள்ள கிளை எண்ணுக்குத் தானே திரும்ப அழைக்கும் வழக்கமும் இருந்தது. காசோலையில் கையெழுத்து ஒத்திருந்தும், பெரிய தொகையாயின் வீட்டுக்கு ஆளனுப்பிக் கேட்கும் பழைய பொக்கிஷதார்களின் எச்சரிக்கை இது. ரகசியச் சொல்லைத் தாளில் எழுதிக் கம்ப்யூட்டரின் ஓரத்தில் ஒட்டிவைக்கும் கிளைகளை நான் இன்றும் காண்கிறேன். எந்த ரூட்டரும் அவர்களைக் காப்பாற்றாது.

காலம் மாறியது. 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கான இன்டர்நெட், டெலிபோன் அழைப்பு வழியாகவே நம் தேசத்தில் தொடங்கியது. 2005-இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டு வந்தபோது, மோடமும் ரூட்டரும் ஒரே சிறு பெட்டிக்குள் அடங்கின. அதுவும் அதே இரட்டைச் செப்புக் கம்பிதான். குரல் 4,000 அதிர்வுக்குக் கீழே செல்ல, அதற்கு வெகு மேலே, பதினொரு லட்சம் அதிர்வு வரை கணக்குச் செய்தி சென்றது. பேசிக்கொண்டே செய்தியும் அனுப்ப முடிந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து சில கிலோமீட்டர் தாண்டினால் அது தளர்ந்துபோகும் என்பது மட்டும் கிராமக் கிளைகளுக்கு வாய்த்த துரதிர்ஷ்டம். பொது வலை வழியாக இரு காரியாலயங்களைப் பிணைக்கும்போது, செய்தியைச் சங்கேதமாக்கி அனுப்பும் ஏற்பாடும் அவசியமாயிற்று. அமெரிக்காவில் டெலிபோன் அழைப்பு இன்டர்நெட்டுக்குப் பெயர் பெற்ற ஏ.ஓ.எல். நிறுவனம் 2025 செப்டம்பர் 30 அன்று அச்சேவையை நிறுத்திவிட்டது. ஆயினும் ஒரு வேடிக்கை. 1981-இல் ஹேய்ஸ் கம்பெனியின் மோடத்துக்காக எழுதப்பட்ட கட்டளைகளை, இன்று சிம் அட்டை போட்ட மோடங்களும் புரிந்துகொள்கின்றன.

நம் இயக்கத்திலும் இணைப்பு வேகமாக நடைபெறுகிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர்மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2022 ஜூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. தேசம் முழுவதுக்கும் பொதுவான மென்பொருள், மாவட்ட, மாநில வங்கிகளோடு இணைப்பு ஆகியவை அதன் நோக்கங்கள். வரவேற்கத் தக்கதே. பொய்ப் பெயரில் கடனும், இரண்டு ஏட்டில் இரண்டு கணக்கும் இதனால் குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகமெல்லாம் கம்பி அறுந்த நாளைப் பற்றியதே. அகலமான கம்பி வந்த பின், கிளையின் ஒவ்வொரு செயலும் தூரத்துக் கம்ப்யூட்டரைக் கேட்டே நடக்கும்படி அமைக்கப்படுகிறது. சாலை தோண்டும் இயந்திரம் இழையை அறுத்துவிட்டால், கிளையில் நூல் இருக்கிறது, பணம் இருக்கிறது, நெசவாளர் முடித்த சேலையோடு நிற்கிறார். ஆனால் “சர்வர் இல்லை” என்ற இரண்டு சொற்களோடு காரியம் முடிந்துவிடுகிறது. ஒரு கிளையில் பண்டிகைக்கு முந்தின வாரத்தில் இதை நான் நேரில் கண்டேன். வந்தவர்களில் ஒருவர், “முன்னெல்லாம் நாளைக்கு வா என்றார்கள், இப்போது எப்போது வருவது என்றுகூடச் சொல்ல ஆளில்லை” என்றார். கம்பி இல்லாத நேரமே அதிகமென்று எண்ணி எட்டு நிலையங்கள் செய்த ஏற்பாட்டில் இத்தொல்லை எழவில்லை.

இதைத் தீர்ப்பது கஷ்டமானதன்று. ஆனால் அபாயமில்லாததும் அன்று. கம்பி இல்லாத வேளையில் கிளை தன் சொந்த ஏட்டில் பதிந்து நூலும் கூலியும் வழங்கலாம்; கம்பி வந்ததும் அப்பதிவுகள் தலைமைக் காரியாலயத்துக்குப் போகலாம். இதில் இரண்டு ஆபத்துகள். முதலாவது, பதிவு பாதி போய்க்கொண்டிருக்கையில் கம்பி மீண்டும் அறுந்தால், குமாஸ்தா மறுபடி அனுப்புவார். ஒரே கூலி இருமுறை வரவாகிவிடும். கிளை எண்ணோடு தொடர் எண் சேர்த்து ஒவ்வொரு பதிவுக்கும் இட்டுவிட்டால், ஏற்கெனவே வந்த எண்ணைத் தலைமைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டு தள்ளிவிடும். ரசீதுப் புத்தகத்துக்குத் தொடர் எண் இடச் சொல்லி நாங்கள் நச்சரிப்பதும் இதற்காகவே. இரண்டாவது, ஓர் அங்கத்தினர் ஒரே நாளில் இரு கிளைகளில் தம் இருப்பை எடுத்துவிடலாம். இதை முற்றிலும் தடுக்க வழியில்லை, வரம்பு கட்டலாம். கம்பி இல்லாத நாளில் ஒருவருக்கு ஒரு பாவுக்குரிய நூலும் 1,000 ரூபாய்க்கு மேற்படாத கூலியும், அதுவும் அவர் பதிந்துள்ள கிளையில் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். அக்கட்டுப்பாட்டையும் மீறி அறுபது பேர் ஒரே நாளில் இருமுறை வாங்கினாலும், நூல் நீங்கலாகச் சங்கத்துக்கு நேரும் அதிகப்படி நஷ்டம் 60,000 ரூபாய். அவர்களுடைய பங்குத்தொகை சங்கத்திடமே இருக்கிறது; அடுத்த கூலியும் சங்கத்தின் வழியாகவே வரவேண்டும். அறுபது பேரும் மோசடிக்காரர் என்று எண்ணிக்கொண்டு அறுபது வீட்டுத் தறிகளை நிறுத்துவதைவிட இது நியாயமான துணிவு என்றே கருதுகிறேன்.

வரம்பு எவ்வளவு என்பதை நிர்வாகக் கமிட்டியார் முன்கூட்டியே தீர்மானமாக நிறைவேற்றிவைக்க வேண்டும். கூட்டம் நெருக்கும் வேளையில் கவுண்டரில் இருக்கும் குமாஸ்தாவின் தலையில் அதைச் சுமத்தக் கூடாது. அவர் கொடுத்தாலும் குற்றம், மறுத்தாலும் குற்றம் என்றால், மறுத்துவிடுவதையே தேர்ந்துகொள்வார். அது மனித இயல்பு. கம்ப்யூட்டர் விற்பவரிடம் ஒப்பந்தம் எழுதும்போதும், இணைப்பின் வேகம் என்ன என்று கேட்பதற்கு முன், இணைப்பு இல்லாதபோது கிளையில் எந்தெந்தக் காரியம் நடக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வேகத்தைப் பற்றிப் பேச அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இக்கேள்விக்கு விடை சொல்லத்தான் சற்று நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. கூலிப் பட்டுவாடா இல்லாத ஒரு நாளில், காலை பத்து மணிக்குக் கிளையின் ரூட்டரிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு, பன்னிரண்டு மணி வரை மானேஜரும் கமிட்டி அங்கத்தினர் ஒருவரும் அருகிலிருந்து கவனிக்கட்டும். வந்தவர்களில் எத்தனை பேர் காரியம் முடிந்து சென்றனர், எத்தனை பேர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டனர் என்பதை மினிட் புத்தகத்தில் எழுதிவைக்கட்டும். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, நான் முதலில் புரட்டிப் பார்க்கப் போவது அந்தப் பக்கத்தைத்தான்.